நல்ல படங்களின் குறைபாடு: அண்மைத் தமிழ்ப் படங்கள் மூன்றினை முன்வைத்து

திரைப்படத்தைப்பற்றித் திருச்சபை கொண்டிருந்த நோக்கு இன்று பெரிதும் மாறிவிட்டது. படம் பார்ப்பதே பாவம் எனப் பிரசங்கபீடத்திலிருந்து கண்டித்த காலம் ஒன்று உண்டு. இன்றோ, நல்ல கருத்துடைய படம் ஒன்று வெளிவந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருளுரையிலேயே அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. முன்னையோர் பாராமலே தள்ளினர். நாம் ஆராயாமலே கொள்ளுகிறோம். எதனையும் சோதித்தறிந்த பின்னரே நலமானதைக் கைக்கொள்ளவேண்டும் எனத் தெசலோனிக்கேயருக்குப் பவுல் வழங்கிய அறிவுரை இருசாராராலும் மறக்கப்பட்டது எனலாம்.

தீய படங்களைத் திறனாய்வது எளிது. வன்முறையையும் பெண்ணிழிவையும் விற்பனைப் பொருளாக்கும் படத்தைக் கண்டிக்க இறையியற் கல்வி தேவையில்லை. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டு, பார்ப்போர் கண்களை நனையச் செய்து, ஆயினும் சிறந்த கலைப்படைப்பு என்னும் நிலையை எட்டாமல் நின்றுவிடும் படங்களை மதிப்பிடுவதே கடினம். அவற்றைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். ஆயினும் அத்தகைய படங்களே நம் சபையாரின் மனத்தை உருவாக்குகின்றன. அருளுரையில் எடுத்தாளப்படுவனவும் அவையே. ஆகவே 'அயோத்தி' (2023), 'மெய்யழகன்' (2024), 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) ஆகிய மூன்று படங்களையும் இங்கு எடுத்துக்கொள்வோம். மூன்றும் அயலானை நேசித்தலைப்பற்றிப் பேசுவன. மூன்றும் மக்களால் விரும்பி ஏற்கப்பட்டவை.

எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது? திருமறையிலேயே ஒன்று உண்டு. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையை நாத்தான் தாவீதிடம் கூறுகிறான் (2 சாமுவேல் 12). கதையைக் கேட்ட தாவீது கொதித்தெழுகிறான். அக்கோபம் நேர்மையானது; ஆனால் அதுவரை அக்கோபத்தால் தாவீதுக்கு யாதொரு இழப்பும் இல்லை. பிறன் ஒருவனின் பாவத்தைக் கண்டு சினந்து, தான் நீதிமான் என்னும் மனநிறைவோடு அவன் உறங்கச் சென்றிருக்கலாம். தீர்க்கதரிசியின் சுட்டுவிரல் கேட்டவன்பக்கமே திரும்பியபோதுதான் கதை தன் பணியை முடித்தது. நல்ல படங்கள் பல, தாவீதின் கோபம் மூண்ட இடத்தில் விளக்கேற்றி நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. சிறந்த படமோ சுட்டுவிரல் திரும்பும்வரை நம்மை இருக்கையில் இருத்திவைக்கிறது.

ஆர். மந்திர மூர்த்தி இயக்கிய 'அயோத்தி'யை முதலில் நோக்குவோம். தீபாவளிக் காலத்தில் அயோத்தியிலிருந்து இராமேசுவரத்துக்கு யாத்திரை வரும் குடும்பம் ஒன்று. தந்தை மதப்பற்றும் கொடுங்கோன்மையும் ஒருசேர வாய்த்தவன். அவனது மூர்க்கத்தால் நேர்ந்த வாகன விபத்தில் மனைவி இறக்கிறாள். மொழி தெரியாத ஊரில் திகைத்துநிற்கும் பிள்ளைகளுக்கு முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் துணைநிற்கிறான். மருத்துவமனை, காவல் நிலையம், விமான நிலையம் என அலைந்து, விடுமுறை நாளில் அவ்வுடலை ஊருக்கு அனுப்ப அவன் படும் பாடே படத்தின் பெரும்பகுதி. அலுவலக நடைமுறைகளின் முட்டுக்கட்டைகளைக்கொண்டே பரிவின் விலையைக் காட்டியிருப்பது பாராட்டுக்குரியது. முடிவில் பெயர் கேட்கப்படும்போதுதான் அவன் இசுலாமியன் என நாம் அறிகிறோம். மதப்பகை மூட்டப்படும் நாட்களில் இத்தகைய படம் எடுத்ததே ஒரு தொண்டு.

நல்ல சமாரியன் உவமையின் சாயல் இப்படத்தில் உள்ளதென்பது கிறிஸ்தவ வாசகர்க்கு உடனே புலப்படும். ஆயின் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். நம் ஆண்டவர் அவ்வுவமையில், இரக்கச் செயல் தொடங்குமுன்னரே அவ்வழியே வந்தவன் சமாரியன் எனக் கூறிவிடுகிறார். கேட்ட யூதர், அந்த வெறுக்கப்பட்ட பெயரைச் சுமந்துகொண்டே எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கப்படுவதையும், கழுதைமேல் ஏற்றப்படுவதையும், சத்திரத்தில் பணம் கொடுக்கப்படுவதையும் கேட்கவேண்டியிருந்தது. 'அயோத்தி' அப்பெயரை இறுதிவரை மறைத்துவைக்கிறது. ஆகவே நாம் இரண்டு மணிநேரம் உடன்நடந்தது பெயரற்ற ஒரு நல்லவனோடு, இசுலாமியனோடு அன்று. இறுதியில் நமக்குக் கிடைப்பது ஒரு வியப்பு. உவமை கேட்டோருக்குக் கிடைத்ததோ நெடிய ஒரு சங்கடம். வியப்பு அன்றிரவே தணிந்துவிடும். சங்கடம் எளிதில் விட்டகலாது. மேலும், பகைமை முழுவதும் வடநாட்டிலிருந்து வந்த ஒரே மனிதனின் உரத்த குரலில் ஏற்றப்பட்டுவிட்டதால், தமிழ்நாட்டுப் பார்வையாளர் தம் தெருவில் இசுலாமியருக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதை நினைக்கவேண்டிய தேவையே எழவில்லை.

அபிஷன் ஜீவிந்த் இயக்கிய 'டூரிஸ்ட் ஃபேமிலி' நகைச்சுவையோடு சொல்லப்பட்ட இனிய கதை. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்த தமிழ்க் குடும்பம், தம் ஊரை மறைத்துச் சென்னையில் ஒரு குடியிருப்பில் வாழ்கிறது. ஒருவரையொருவர் அறியாது கதவடைத்து வாழ்ந்த அண்டைவீட்டார், இவர்கள் வருகையால் ஒரே குடும்பம்போல் ஆகிவிடுகின்றனர். வந்தேறியவன் கொடுப்பவனாகவும் உள்ளூரார் பெறுபவராகவும் காட்டப்படுவது விருந்தோம்பலைப்பற்றிய ஆழ்ந்த சிந்தனையே.

ஆனால் இக்குடும்பத்தை நேசிப்பது மிக எளிதாக்கப்பட்டுள்ளது. தந்தை புன்னகை மாறாதவர். தாய் பரிவே உருவானவர். பிள்ளைகள் குறும்பினால் மனங்கவர்வோர். இவர்களை வரவேற்காதவன் கல்நெஞ்சனாகவே இருக்கவேண்டும். அந்நியனை நேசிக்கவேண்டும் என்னும் லேவியராகமக் கட்டளையோ (19:34) அவன் இனியவனாக இருக்கவேண்டும் என நிபந்தனை இடவில்லை. எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். கசப்பு நிறைந்த அகதி, நன்றி சொல்லத் தெரியாத அகதி, போரில் கண்டவற்றைப் பேசவியலாமல் சினந்துவிழும் அகதி ஆகியோரையும் அக்கட்டளை உள்ளடக்கும். 1983க்குப் பின் வந்த இலங்கைத் தமிழருக்கெனத் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. 2021இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. அங்கே பிறந்து, அங்கேயே மணமுடித்து, இன்னும் குடியுரிமை பெறாதோர் பலர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களுக்கு வழிதிறக்கவில்லை. திரையில் கண்ட குடும்பத்துக்காக அழுத நாம், நம் ஊருக்கு அண்மையிலுள்ள முகாமின் பெயரையேனும் அறிவோமா?

ச. பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' இம்மூன்றனுள் சிறப்பை மிக நெருங்கி நிற்கிறது. உறவினரிடையே எழுந்த சொத்துத் தகராற்றில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து வெளியேறிய அருள்மொழி, 2018இல் உறவினர் திருமணத்துக்கென நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன் அளவற்ற அன்போடு அவனைச் சூழ்ந்துகொள்கிறான். ஆனால் அவன் பெயர் அருள்மொழிக்கு நினைவில்லை. தன்னை இத்துணை நேசிப்பவனைத் தான் மறந்துவிட்டோமே என்னும் வெட்கம் தாளாமல் அவன் இரவிலேயே விலகிச் செல்லும் கட்டம் அண்மைத் தமிழ்த் திரையின் அரிய கட்டங்களுள் ஒன்று. தகுதியற்றவனாய் அன்பைப் பெறுதல் எத்துணைப் பாரமானது என்பதை, அதாவது கிருபையின் பாரத்தை, இறையியல் நூல்கள் சிலவற்றைக்காட்டிலும் அது தெளிவாக உணர்த்துகிறது.

இங்கே சுட்டுவிரல் திரும்பத் தொடங்குகிறது. ஆயினும் முழுதும் திரும்பவில்லை. அன்பு செய்பவன் மாசுமறுவற்றவனாகவே நிற்கிறான். அவனுக்கெனக் காயமும் இல்லை, தேவையும் இல்லை. அவன் உள்ளத்தில் உள்ளது அனைத்தையும் அவனே பேசிவிடுவதால், நாம் கண்டடையவேண்டியது மிகச் சிறிதே. படம் நீளமாயிருந்தது என்னும் குறைபாட்டுக்காக, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்கள் நீக்கப்பட்டன. என் கருத்தில் குறை நீளத்தில் இல்லை. மௌனத்தின்மீது நம்பிக்கையின்மையில் உள்ளது. வீட்டை இழந்த பழைய காயமும் அன்பின் வெள்ளத்தில் மறைக்கப்படுகிறதேயன்றி ஆற்றப்படவில்லை. தவறிழைத்தவரும் இழைக்கப்பட்டவரும் முகத்துக்குமுகம் நிற்காமல் ஒப்புரவு நிறைவுறாது.

சிறந்த படம் என நான் கருதுவது யாது எனக் கேட்போருக்கு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தைச் சுட்டுவேன். அதுவும் குறையற்றதன்று, கொலையைத் தொழிலாய்க் கொண்ட முதியவரின் பாத்திரம் சற்றே மிகையானது. ஆயின் நெல்லைச் சட்டக் கல்லூரி மாணவனாகிய பரியனுக்கு நேர்ந்த இழிவுகளுக்குப் பொறுப்பானவர்களுள் ஒருவராக அப்பெண்ணின் தந்தை காட்டப்படும் விதத்தை நோக்குங்கள். அவர் கொடியவர் அல்லர். மகளை நேசிப்பவர், மென்மையாகப் பேசுபவர், கண்ணீர் விடுபவர். நம் சபைக் கமிட்டியில் நம்மருகே அமரத்தக்க மனிதர். பாவம் அங்கே அரக்கனின் முகத்தோடு வரவில்லை, நல்ல தகப்பனின் முகத்தோடு வருகிறது. ஆகவே பார்ப்பவர் தப்பிக்க வழியில்லை. இறுதியில் அவரும் பரியனும் பேசுகின்றனர், தழுவிக்கொள்ளவில்லை. அவர் மாறாதவரை எதுவும் மாறாது என்பதைப் பரியன் பகையின்றிக் கூறிவிடுகிறான். பாலிட்ட தேநீரும் பாலற்ற தேநீரும் அருகருகே இரு குவளைகளில் நிற்க, இடையே ஒரு மல்லிகைப்பூ கிடக்கப் படம் முடிகிறது. ஒப்புரவு அங்கே அறிவிக்கப்படவில்லை. அதன் விலை அறிவிக்கப்படுகிறது.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், சீடத்துவத்தைப்பற்றி 1937இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதல் வேண்டாத மன்னிப்பை 'மலிவான கிருபை' எனச் சாடினார். நம் நல்ல படங்களின் குறைபாட்டுக்கும் அப்பெயரே பொருந்தும். அவை பொய்யானவை அல்ல. அவை காட்டும் அன்பு உண்மையானதே. ஆனால் அதனைப் பெற நம்மிடம் அவை எதனையும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். திரைப்படம் வெகுமக்களின் பொழுதுபோக்கு அன்றோ? வெறுப்பைப் பரப்பும் படங்கள் மலிந்த நாளில் நன்மையைக் காட்டினால் போதாதா? போதும் என்றே ஒரு நிலையில் கூறவேண்டும். இப்படங்களைப் பாருங்கள் எனச் சபையாருக்குச் சொல்ல நான் தயங்கேன். பசித்தவனுக்குக் கஞ்சி அளித்தவரை, விருந்து அளிக்கவில்லையே எனப் பழிப்பது தகாது. ஆனால் கஞ்சியையே விருந்து எனப் புகழ்வதும் தகாது. அங்ஙனம் புகழ்ந்தால் விருந்து சமைக்க வல்லவர்க்கு ஊக்கம் இராது. உண்போர்க்கும் சுவை அற்றுப்போகும்.

இக்குறைபாடு திரைத்துறையினருக்கு மட்டும் உரியதன்று, பிரசங்கபீடத்துக்கும் உரியது. சமாரியனைப்பற்றிய நம் அருளுரைகளில் ஆசாரியனையும் லேவியனையும் எத்துணை எளிதாகக் கண்டித்துவிடுகிறோம்! கேட்போர் மனம் உருகுகின்றனர். வாசலில் நம் கைபற்றி நல்ல செய்தி எனப் பாராட்டுகின்றனர். அதே சபையின் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்துகிடக்கக்கூடும். அதே சபையார் திருமண்டலத் தேர்தலில் சாதி எண்ணிக்கையைக் கணக்கிட்டே வாக்களிக்கக்கூடும். நம் அருளுரையும் அங்கே ஒரு நல்ல படமாகவே நின்றுவிட்டது.

ஆகவே ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் ஒன்று பரிந்துரைப்பேன். அருளுரையில் திரைப்படம் ஒன்றை எடுத்தாளுமுன், அப்படத்தில் நாம் யாராக இருக்கிறோம் எனக் கேளுங்கள். உதவும் இளைஞனாக மட்டுமே நம்மைக் கண்டோமானால், படம் நம்மைத் தப்பவிட்டது என்றோ, நாமே தப்பிக்கொண்டோம் என்றோ பொருள். வாலிபர் கூட்டத்தில் 'அயோத்தி'யைத் திரையிடுங்கள். பின் விளக்கேற்றி, அவ்விளைஞனின் பெயர் முதற்காட்சியிலேயே கூறப்பட்டிருந்தால் அவனை எவ்வாறு நோக்கியிருப்போம் என்னும் வினாவை எழுப்புங்கள். படம் விட்ட இடத்திலிருந்து நாத்தானின் பணி அங்கே தொடங்கும்.