ஷூக்கர்: ஆறு கோலுக்கு அப்பால்

டாவோர் ஷூக்கர் என்றதும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: 1998 உலகக் கோப்பை, 6 கோல், தங்கக் காலணி. கூடவே, புதுசா பிறந்த ஒரு குட்டி நாடு மூணாவது இடம் பிடிச்ச கதை. கதை பொய்யில்லை. ஆனால் அந்த ஆளின் ஆட்டத்தை அது மறைத்துவிடுகிறது என்பதுதான் என் புகார்.

முதலில் அந்த 6 கோலைப் பிரித்துப் பாருங்கள். ஜமைக்கா, ஜப்பான், ருமேனியா, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து. ஆளுக்கு ஒன்று. 7 ஆட்டங்களில் அர்ஜென்டினாவிடம் மட்டும்தான் கோல் இல்லை. 1994-இல் இதே 6 கோல் அடித்துத் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்ட ரஷ்யாவின் சலென்கோ, அதில் 5 கோலைக் கேமரூனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அடித்தார். ரஷ்யா முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. பட்டியலில் இருவருக்கும் 6தான். வெறும் கூட்டுத்தொகையை வைத்து ஆட்டக்காரரை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

ஷூக்கர் வேகமான ஆள் கிடையாது. அவரிடம் இருந்தது இடது காலும், பந்தை முதலில் தொடும் பக்குவமும். 1996 யூரோவில் டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் தலைக்கு மேல் பந்தை மெல்லத் தூக்கிப் போட்ட கோலில் பலமே இல்லை, கணிப்புதான். 1998 அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிரான கோலும் அப்படியே. துராம் ஒருவர் பின்னால் நின்றுவிட்டதால் ஆஃப்சைடு இல்லை. அசனோவிச் கொடுத்த பந்து ஷூக்கரிடம் வந்தது, வலைக்குள் போனது. அடுத்த நிமிடமே அதே துராம் சமன் செய்து, பிறகு இன்னொன்றும் அடித்தார் என்பது தனி சோகம்.

"ஒரே கோடைக்கால நட்சத்திரம்" என்பவர்களுக்கு: 1988-89-இல் ஒசியெக் அணிக்காக ஆடி, யூகோஸ்லாவிய லீகில் அதிக கோல் அடித்தவர் இவர். செவில்லாவில் 5 ஆண்டுகள். 1996-97-இல் ரியல் மாட்ரிட் ஸ்பெயின் லீகை வென்றபோது 24 லீக் கோல்கள்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பிரேசிலின் ரொனால்டோ மாதிரி நடுக்களத்திலிருந்து நாலு பேரைத் தாண்டித் தானே வாய்ப்பை உருவாக்க இவரால் முடியாது. பந்து வந்து சேர வேண்டும். குரோஷிய அணியில் அனுப்பிவைக்க போபன், ப்ரோசினெச்கி, அசனோவிச் இருந்தார்கள். 69 ஆட்டங்களில் 45 கோல்கள் வந்தன. ஆனால் 1998 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாட்ரிட் அவரைக் கடைசி நிமிடங்களில்தான் இறக்கியது. பிறகு அர்செனல், வெஸ்ட் ஹாம், 1860 மியூனிக் என்று இறங்குமுகம்தான். அந்த ஆண்டு பலோன் டி'ஓரில் ஜிடானுக்கு அடுத்த இடம் கிடைத்ததும் எனக்குச் சரியாகவே படுகிறது.

பழைய வீடியோக்களில் கோலை மட்டும் பார்க்காதீர்கள். பந்து வருவதற்கு இரண்டு வினாடி முன்னால் அவர் எங்கே நிற்கிறார்னு பாருங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருக்கும்.