பாட்டு யார் பெயரில்?

மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டின் தொடக்க விழா, 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடைபெற்றது. பல நாட்டு அணிகளின் முன்னால் ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற தனிப்பாடலைப் பாடகியர் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். பாட்டை எழுதிய ராப் கலைஞர் அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்ததால் வர இயலவில்லை என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆனால் சில நாட்களில் அறிவு வெளியிட்ட பதிவு, மேடையை விட்டுப் பாட்டின் பிறப்பையே பேசுபொருளாக்கியது. மெட்டையோ ஒரு சொல்லையோ தனக்கு யாரும் தரவில்லை என்றார் அவர்.

அந்தப் பூசலை ஆள் பார்த்துப் பக்கம் பிரித்துப் பேசி முடித்துவிட்டோம். ஆனால் சினிமாவுக்கு வெளியே தனிப்பாடல் வெளியிடும் முறையின் நிறைகுறைகளை எடைபோட அதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

முதலில் நிறை. 2021 மார்ச் 7 அன்று வெளியான அந்தப் பாட்டுக்குக் கதாநாயகன் இல்லை, கதைச் சூழல் இல்லை, படம் ஓடுமா என்ற கவலையும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை, ஒப்பாரியின் சாயலோடும் ராப்பின் வேகத்தோடும் சொல்ல எந்தத் திரைப்படம் முழுதாக இடம் கொடுத்திருக்கும்? நிலமில்லாதவர்களின் நினைவு யூடியூபில் 40 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தபோது, ராப் படத்துக்குள் ஒரு வேடிக்கைதான். தனிப்பாடலாக வெளிவந்தபோது அதே வடிவம் தன் சொந்த வரலாற்றைப் பேசியது. இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்க முடியாது.

குறை, பெயரிடும் இடத்தில் தொடங்குகிறது. திரைப்பாடலில் ஏற்றத்தாழ்வு உண்டு என்றாலும் இசை, வரிகள், குரல் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி நாற்காலி உண்டு. தனிப்பாடலின் தலைப்பில் இருந்தவை வேறு: தீ முதன்மைக் கலைஞர், அறிவு உடன் தோன்றும் கலைஞர், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ‘எழுதியவர்’ என்ற நாற்காலியே அந்த வரியில் இல்லை. ஹிப்ஹாப்பில் சொல்லும் தாளமும் மெட்டும் பெரும்பாலும் ஒரே வாயில் பிறக்கின்றன. அந்தக் கலைக்கே தலைப்பில் இடம் இல்லாமல் போனது.

தலைப்பில் பின்னால் நின்ற பெயர், அடுத்தடுத்த இடங்களில் எளிதாக உதிர்ந்தது. டி.ஜே. ஸ்நேக் செய்த ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மின்னிய விளம்பரத்தில் அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையிலும் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டபின், அந்த இதழ் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

மறுபக்கத்துக்கும் காது கொடுக்க வேண்டும். வேர்களைக் கொண்டாடும் பாட்டு என்ற எண்ணத்தோடு தீயும் இயக்குநர் மணிகண்டனும் வந்தார்கள் என்றும், தானே இசையமைத்துத் தொகுத்ததாகவும், வருமானமும் உரிமையும் தீ, அறிவு, தான் ஆகிய மூவருக்கும் சமம் என்றும் சொன்னார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். கூட்டுழைப்பு என்பதை அறிவும் மறுக்கவில்லை. எந்தப் பகுதி யாருடையது என்பதைப் பாட்டு வெளிவந்து ஓராண்டுக்கு மேல் கழித்து, இன்ஸ்டாகிராமில் வாதிட நேர்ந்ததே இந்த முறையின் ஓட்டை.

பெயர் வேலையை விட்டுப் பிரிவது புதிதல்ல. ஒலிம்பியாட் ஆட்டங்கள் நடந்த, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி எனப்படும் பாறையில் பழைய எழுத்தில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பல்லவர் காலச் சிற்பிகளின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குகைகளிலும் ரதங்களிலும் மன்னனின் பட்டப்பெயர்கள் இருக்க, உளி பிடித்தவர்களின் பெயர்கள் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் கிடக்கின்றன. அந்தப் பெயர்களால் எந்தச் சிற்பம் யாருடையது என்று சொல்ல முடியாது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, வேலையோடு சேர்ந்தும் இருக்க வேண்டும்.

சட்டம் இதில் கலைஞர் பக்கமே நிற்கிறது. இசைக்குறிப்பாக எழுதாவிட்டாலும் இசையை உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். வாயால் மெட்டுக் கட்டுபவருக்கும் அது பொருந்தும். 2012 திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. இது திரைப்பாடலுக்கு மட்டுமின்றித் தனி ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். ஆனால் படைத்தவர் யார் என்பதே தகராறானால், சட்டம் யாருக்குக் கொடுக்கும்? கொடுக்கப் பணம் வர வேண்டுமே என்பது அடுத்த சிக்கல். பாட்டை வெளியிட்ட மாஜா நிறுவனத்திடமிருந்து யாருக்கும் வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் குற்றம்சாட்டினார். பெயருக்காக எதிரெதிரே நின்றவர்கள் காசு விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஆகவே தனிப்பாடல் முறையைக் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது, நட்பை நம்பி எழுத்தில் எதையும் வைக்காத பழக்கத்தை. சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பீட் யாருடையது, பங்கு எவ்வளவு, ரீமிக்ஸுக்கும் மேடைக்கும் யார் அனுமதி தருவது என்பதைப் பாட்டு வெளியாகும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறிவுக்கு நேர்ந்ததை நாம் கேட்டது, அவர் பாட்டை முன்பே கோடிக்கணக்கானோர் கேட்டிருந்ததால்தான். செங்கல்பட்டில் ஒரு சிறிய அறையில் முதல் பாட்டைப் பதிவு செய்யும் இளைஞருக்கு அந்தப் பலம் கிடையாது. அவருக்கு அந்தத் தாள்தான் சாட்சி.