தேரையின் கண்ணும் ஆர்வெல்லின் மோதிரக் கல்லும்

ஜார்ஜ் ஆர்வெல் என்றால் '1984', 'விலங்குப் பண்ணை', அதைத் தாண்டி நம்மில் பலர் போவதில்லை. 1946 ஏப்ரலில் 'ட்ரிப்யூன்' இதழில் அவர் சாதாரணத் தேரையைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். போர் முடிந்து வந்த முதல் வசந்தம், ரேஷன் காலம். அந்த நேரத்தில் இயற்கையை ரசிப்பது அரசியலிலிருந்து நழுவுவதா என்று கேட்கிறார், இல்லை என்கிறார். கட்டுரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஓரமாக வந்துபோகும் கண்தான் முக்கியமாகப் படுகிறது.

குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் பட்டினி கிடந்து வெளியே வரும் தேரை ஒடுங்கிப் போயிருக்கும், அதனால் கண் பெரிதாகத் தெரியும் என்கிறார். தவக்காலக் கடைசியில் இருக்கும் தீவிர பக்தரோடு அதை ஒப்பிடுவது நல்ல குறும்பு. தேரையின் கண் எவ்வளவு அழகு என்பது அப்போதுதான் கவனத்துக்கு வருகிறதாம். பொன்னிறம், மோதிரத்தில் பதிக்கிற கல் மாதிரி.

இந்த உவமை சும்மா வந்ததில்லை. தேரையின் தலைக்குள் ரத்தினம் இருக்கிறது, அது விஷத்தை முறிக்கும் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 'தேரைக்கல்' என்று மோதிரத்தில் வைத்தும் போட்டுக்கொண்டார்கள். உண்மையில் அவை லெபிடோட்டஸ் என்ற அழிந்துபோன மீனின் புதைபடிவப் பற்கள். ஆர்வெல் அந்தக் கதையைத் தலைக்குள்ளிருந்து கண்ணுக்கு மாற்றிவிட்டார் என்றே படிக்கிறேன். அழகாகத்தான் இருக்கு. ஆனால் கல் மாறாது, கண் மாறும். உவமை இடறுவது அங்கேதான்.

வளர்ப்புத் தேரைகளுக்குக் கண் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர்கள் பார்ப்பதும் அதே பொன்னிறக் கண்தான். முதலில் தொடாமல் பார்ப்பார்கள்: இரண்டு கண்ணும் ஒரே அளவா, இமை வீங்கியிருக்கா, இரை நகர்ந்தால் திரும்புகிறதா. பிறகு நனைத்த கையுறையோடு பிடித்து வெளிச்சம் காட்டினால், தேரை கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்குழிக்கு அடியில் எலும்பு கிடையாது, கண் வாயின் கூரை வரைக்கும் இறங்கும். இரையை விழுங்கவே அதைப் பயன்படுத்துகிறது. கொஞ்சம் பொறுத்திருக்கத்தான் வேண்டும். கண்ணில் வெள்ளையாகத் தெரிவது கார்னியாவிலா, அதற்குப் பின்னால் லென்ஸிலா என்பது முக்கியமான கேள்வி. ஸ்லிட் லேம்ப்பின் மெல்லிய ஒளிக்கீற்றை விட்டால் ஆழம் பிடிபடும். புண் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஃப்ளூரசின் சாயம்.

கண்ணாடித் தொட்டித் தவளை, தேரைகளுக்கு வரும் ஒரு சிக்கல் கார்னியாவில் கொழுப்பு படிவது. கொழுப்பு மிகுந்த தீனியையும் பருமனையும் அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். வந்துவிட்டால் விலக்குவது கடினம். இதை ஆர்வெல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடைய தேரை பட்டினியால் மெலிந்தது, கண் பொன். நாம் வேளாவேளைக்குப் போட்டு வளர்க்கும் தேரை கொழுத்தது, கண்ணில் பனி. கட்டுரையின் அழகு முழுக்கப் பட்டினியின் மேல் நிற்கிறது. இது அவர் வாக்கியத்திலேயே இருந்தும், அவர் அங்கே நிற்காமல் லண்டனின் எரிவாயு ஆலைக்கு மேல் பறக்கும் பறவைக்குப் போய்விடுகிறார்.

அதே 1946-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பாக்ஸ்டர் என்ற பேராசிரியர் வயோமிங் தேரையைக் கண்டுபிடித்தார். 1984-ல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது மிஞ்சியிருப்பதே மனிதர்கள் வளர்ப்பதால்தான். வளர்ப்பில் அவற்றுக்கு ஒரு வியாதி வந்தது: இரையைப் பார்க்கும், குறி வைக்கும், நாக்கை நீட்டும், இரை மாட்டாது. 'குட்டை நாக்கு' என்று பெயர் வைத்தார்கள். நாக்கின் நீளத்தில் கோளாறு இல்லை. வைட்டமின் ஏ குறைந்து, பிசின் சுரக்கும் மேல்தோல் கெட்டுப்போயிருந்தது. (எங்கள் தொழிலில், அறிகுறியையே தலைப்பாகப் போட்டு வரும் பக் ரிப்போர்ட் மாதிரி.) தீனியாகப் போடும் பூச்சிகளில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. பல தவளை, தேரைகளில் இதே குறைபாடு இமை வீக்கமாகவும் வரும்.

இயற்கையைப் பற்றி எழுதினால் 'உணர்ச்சிவசப்படுகிறார்' என்று திட்டிக் கடிதம் வரும் என ஆர்வெல் அலுத்துக்கொள்கிறார். அந்தக் கடிதங்களுக்கு அவர் தந்த பதிலைவிட நல்ல பதில் அவர் கட்டுரையிலேயே இருந்தது. கண்ணின் நிறத்தை ரசித்துத் தினமும் பார்க்கிறவருக்குத்தான், ஒரு நாள் காலையில் அதன் ஓரம் லேசாக மங்கியிருப்பது தெரியும். மருத்துவரிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான்.