ஆங்கில மரபுத்தொடர்களின் பொருள்விளக்கமும் தொழில்வழக்கும்: நாரணாபுரம் பட்டாசுச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் ஒற்றை வரியில் பொருள் தரும் பட்டியல் முறை, தொடருக்குப் பின்னுள்ள பொருளையும் சூழலையும் விட்டுவிடுகிறது. வெடியையும் தீயையும் அடிப்படையாகக் கொண்ட நான்கு தொடர்களைச் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தின் தொழில்வழக்கோடு ஒப்பிட்டு, அம்முறையின் குறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், தொழில்வழக்கு, பொருள்விளக்கம், பட்டாசு, சிவகாசி.

முன்னுரை

சொற்களின் தனிப்பொருளைக் கூட்டிப் பெறமுடியாத பொருளைத் தருவது மரபுத்தொடர். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட ‘முதலைக் கண்ணீர்’, ‘பச்சைக்கொடி காட்டுதல்’ போன்றவை இன்று தமிழாகவே நிலைத்துவிட்டன. ஆயினும் பள்ளிப் பயிற்சி நூல்களும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் தொடரை இடப்புறமும் பொருளை வலப்புறமும் அச்சிட்டு மனப்பாடத்திற்கு விடுகின்றன. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் சூழ்ந்த நாரணாபுரத்தில் இம்முறையின் போதாமை தெளிவாகப் புலப்படும்.

நமத்த வெடியும் புஸ்வாணமும்

‘டாம்ப் ஸ்க்விப்’ என்பதற்குப் பட்டியல்கள் ‘ஏமாற்றம்’ என்று பொருள் தருகின்றன. ‘ஸ்க்விப்’ என்பது காகிதக் குழலில் மருந்து அடைத்த சிறு வெடி. ஈரம் பட்டால் அது வெடிக்காது. இப்பொருள் புழக்கத்தில் அருகியதால், ஆங்கிலேயரே சிலர் ‘ஸ்க்விட்’, அதாவது கணவாய் மீன், எனப் பிழையாக வழங்குகின்றனர். பொருள் மறைந்தால் தொடர் சிதையும் என்பதற்கு இது சான்று. மருந்தை வெயிலில் உலர்த்தும் நாரணாபுரத்தில் அப்பொருள் இன்றும் கைவினையாக உள்ளது. ‘நமத்துப்போன வெடி’ என்றால் அங்குள்ள மாணவருக்கு வேறு விளக்கம் வேண்டா.

தமிழின் நிகர்த்தொடர் ‘புஸ்வாணமாகிப் போனது’ என்பதாகும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத் தொடர் பழுதான வெடியைச் சுட்டுகிறது. புஸ்வாணமோ பழுதானதன்று; ‘பூச்சட்டி’ என்றும் வழங்கும் அது பொறி சொரிந்து அடங்குவதற்காகவே செய்யப்படுவது. வெடிச்சத்தத்தை எதிர்பார்த்தவருக்கே அது தோல்வியாகிறது. ஆகவே ஆங்கிலத்தில் குறை பொருளிலும், தமிழில் குறை எதிர்பார்ப்பிலும் அமைகின்றன. ‘ஏமாற்றம்’ என்னும் ஒற்றைச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

‘ஃப்ளாஷ் இன் த பேன்’ என்பதையும் இதே பொருளில் அடக்குவது மற்றொரு பிழை. பழைய துப்பாக்கியின் கிண்ணத்தில் இட்ட மருந்து மட்டும் பளிச்சிட்டுக் குண்டு பாயாமல் போவதே அதன் மூலம். தொடக்கத்தில் ஒளிர்ந்து பின்னர் நிலைக்காததையே அது குறிக்கும். தொடங்காமலே போனதை அன்று.

திரியின் நீளம்

‘ஷார்ட் ஃப்யூஸ்’ எளிதில் சினங்கொள்பவரைக் குறிப்பது. தமிழ் இதனை ‘மூக்கின்மேல் கோபம்’ என்கிறது. ‘குட்டைத் திரி’ என்னும் நேர்பெயர்ப்பு தமிழ் வழக்கன்று. எனினும் திரி குறுகினால் விலகி ஓட நேரமில்லை என்பதை அறிந்த ஊரில் அது விளக்கக் கருவியாகும். புரிகின்ற உருவகம் வேறு, வழங்குகின்ற மரபுத்தொடர் வேறு என்பதை ஆசிரியர் பிரித்துக்காட்ட வேண்டும். ‘கொளுத்திப் போடுதல்’, ‘சரவெடியாய்ப் பேசுதல்’ எனத் தமிழே பட்டாசிலிருந்து ஆக்கிக்கொண்ட தொடர்களையும் உடன் கற்பிக்கலாம்.

உருவகமாகாத தீ

‘பிளேயிங் வித் ஃபயர்’ என்பதற்கு ‘தேவையற்ற ஆபத்தைத் தேடிக்கொள்ளுதல்’ எனப் பொருள் தரப்படுகிறது. அகராதி நோக்கில் இது சரியே. ஆனால் இப்பொருளில் ஆபத்து என்பது ஒருவர் விரும்பித் தேர்ந்தது என்னும் முன்முடிவு உள்ளது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய ஆலைகளில் உழைப்போர் நெருப்போடு விளையாடுவதில்லை; பிழைப்புக்காக அதனருகில் அமர்கின்றனர். ‘உரசல்’ என்பது பிற இடங்களில் சிறு மனக்கசப்பு. மருந்து கலக்கும் அறையிலோ அது உயிர்ப்பலி. தொழிலாளர் வீட்டுப் பிள்ளை இத்தொடரைக் கற்கும்போது, அதன் பழிச்சுமை தன் பெற்றோர்மீது விழாதவாறு சூழலை விளக்குவது கற்பித்தலின் கடமையாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று நிலைகள் பெறப்படுகின்றன: பயன் ஒத்து உருவகம் வேறுபடுவன, உருவகம் புரிந்தும் வழக்கில் இல்லாதன, உருவகம் ஒத்தும் வாழ்வின் கனம் வேறுபடுவன. மூன்றையும் ஒரே சமன்குறியால் இணைப்பதே பட்டியல் முறையின் அடிப்படைக் குறை. தொடரின் மூலப்பொருள், அது வழங்கும் சூழல், தமிழ் நிகர், நிகரிலிருந்து விலகும் இடம் ஆகிய நான்கையும் தரும் விளக்கமுறையே ஏற்புடையது. அதற்கு வேண்டிய சொல்வளத்தைத் தொழிலாளர் பேச்சிலிருந்து தொகுப்பது தமிழ் அகராதியியல் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.