போர் உத்தி விளையாட்டுகளில் வழங்கல் நடப்பியல்: லவ்டேல் மலைப்பாதையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

போர் உத்திக் கணினி விளையாட்டுகள் படைக்கு வேண்டிய பொருள்களின் வழங்கலை எந்த அளவு நடப்பியலோடு காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீலகிரி மலை இருப்புப்பாதையும் சயாம்–பர்மா இருப்புப்பாதையும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வழங்கல், இருப்புப்பாதை, நடப்பியல், லவ்டேல், புறநானூறு

முன்னுரை

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ (1997) விளையாட்டில் வெட்டிய மரம் கிடங்கை அடைந்த நொடியே ஆட்டக்களத்தின் எந்த மூலையிலும் கட்டடமாகலாம். அங்குச் சேர்ப்பதற்கு உழைப்பு உண்டு, கொண்டுசெல்வதற்கு இல்லை. பாரடாக்ஸ் நிறுவனத்தின் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ (2016) இம்மரபிலிருந்து விலகுகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அதில் பொருள்கள் இருப்புப்பாதை வழியே வழங்கல் மையங்களுக்குச் செல்கின்றன. பாதையின் நலிந்த பகுதியே முழுப்பாதையின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. தொடர்வண்டிகள் வான்தாக்குதலில் அழியவும் கூடும்.

மலைப்பாதை தரும் அளவுகோல்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் 46 கி.மீ. பாதையில், கேத்திக்கும் உதகைக்கும் இடையே லவ்டேல் நிலையம் உள்ளது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 12க்கு 1 என அமைவதால் அப்பகுதியில் பற்சட்டம் தேவைப்படுகிறது. குன்னூருக்கு மேல் பற்சட்டம் இல்லை. எனினும், அடிவாரத்திலிருந்து லவ்டேலுக்குத் தொடர்வண்டியில் வரும் சுமையைக் கல்லாறு–குன்னூர்ப் பகுதியே வரையறுக்கிறது. நலிந்த பகுதியே கொள்ளளவு என்னும் விளையாட்டின் விதி இங்கு மெய்ப்படுகிறது.

ஆயினும் மலையேறும் பயணத்திற்கு ஏறத்தாழ 5 மணி நேரமும், இறங்குவதற்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரமும் ஆகின்றன. இப்பாதையை ஒட்டிய அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை போன்ற ஓரிடத்திற்கு மூலப்பொருள் ஏறுவதும், அங்கிருந்து வெடிமருந்து இறங்குவதும் சமமான செயல்கள் அல்ல. விளையாட்டின் இருப்புப்பாதைக்கு இத்திசை வேறுபாடு தெரியாது.

உழைப்பின் மறைவு

திசையினும் பெரிய விடுபாடு மனித உழைப்பு. இவ்விளையாட்டில் இருப்புப்பாதை அமைப்பதற்குக் குடிசார் தொழிற்சாலைகளும் காலமும் போதும். பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழி வழங்கல் இடர்ப்பாடானதால், சப்பான் 1942–43இல் ஏறத்தாழ 415 கி.மீ. நீளமுள்ள சயாம்–பர்மாப் பாதையை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினம் அந்த அவலத்தையே பொருளாகக் கொண்டது. அதே போரைக் களமாகக் கொண்ட விளையாட்டில் அவர்களுக்கு ஓர் எண்கூட இல்லை.

விளையாட்டு ஒரு மாதிரியே, அனைத்தையும் உள்ளடக்க இயலாது என்று மறுக்கலாம். ஆனால் அழிந்த வண்டிகளைக் கணக்கிடும் அமைப்பு, அவ்வண்டிகளுக்குப் பாதை அமைத்தோரைக் கணக்கிடாமை தொழில்நுட்பக் குறைபாடு அன்று. அது படைத்தலைவனின் பார்வையைத் தேர்ந்தமையின் விளைவாகும்.

இப்பார்வைக்கு மாற்று தமிழ் மரபில் உண்டு. ஆவூர் முற்றுகையைப் பாடும் கோவூர்கிழார் (புறம். 44) உணவுக்குறையை இருப்புக் கணக்காகக் கூறவில்லை. கவளம் பெறாத யானை, பாலின்றி அழும் குழந்தை, பூவின்றிக் கூந்தல் முடிக்கும் மகளிர், நீரற்ற மனை ஆகியவற்றின் வழியே அதனைக் காட்டி, கோட்டையை அடைத்திருக்கும் நெடுங்கிள்ளியைப் பொறுப்பாளியாக்குகிறார்.

முடிவுரை

‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ வழங்கலின் வழியை நடப்பியலோடு காட்டுகிறது. வழங்கலின் விலையைக் காட்டவில்லை. அவ்விலையைச் செலுத்தியோருள் தமிழரும் இருந்தமையால், இத்தகைய விளையாட்டுகளைத் தமிழ்த் திறனாய்வு வெறும் பொழுதுபோக்கு எனக் கருதி ஒதுக்குதல் பொருந்தாது.