உயரத்தை அளந்தார்கள், மார்க் ஷீட்டைப் பார்க்கவில்லை

அமெரிக்காவில் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் பையன்கள் எந்தக் கல்லூரிக்குப் போவார்கள் என்று ஆரூடம் சொல்வதே ரசிகர்களுக்கு ஒரு தனி விளையாட்டு. உயரம், அடித்த பாயின்ட், எந்தக் கோச் வீட்டுக்கு வந்து போனார், எல்லாம் கணக்கில் வரும். மார்க் ஷீட் அபூர்வமாகத்தான் வரும்.

சத்னாம் சிங்கை எடுத்துக்கொள்வோம். பஞ்சாப் பல்லோ கே கிராமத்துப் பையன், ஏழடி இரண்டங்குலம். 2010இல், 14 வயதில், உதவித்தொகையோடு புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனபோது இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. கல்லூரி ஆட்டத்துக்கு என்சிஏஏ கேட்கும் படிப்புத் தகுதி கடைசிவரை அமையல. 2015இல் கல்லூரி வாசலை மிதிக்காமலே டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52வது ஆளாக எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர்னு கொண்டாடினோம். ஆனால் என்பிஏ சீசனில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. கல்லூரியில் ஆடிப் பழகியிருக்க வேண்டிய வருஷங்கள் போனதை அந்தக் கொண்டாட்டத்தில் யார் பேசினோம்?

இங்கே அடி அண்ணாமலையில் பிளஸ் டூ முடித்த ஆட்டக்காரப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஸ்போர்ட்ஸ் கோட்டால எங்க சேருவான், ஹாஸ்டல் ஃப்ரீயா?" என்றுதான் கேட்பார்கள். அமெரிக்க ஆரூடத்தைவிட இது நேர்மையான கேள்வி. ஆனா பாதிதான். சேர்ந்தப்புறம் அவனை வகுப்பில் உட்கார விடுவாங்களா, மைதானத்திலேயே நிறுத்திடுவாங்களா?