ஏரித் தூண்டில் கழிமுகத்தில் ஏன் தோற்கிறது?

செம்பரம்பாக்கம் பக்கத்தில் தூண்டில் பிடித்துப் பழகியவர்களிடம் பொறுமைக்குக் குறைவில்லை. தக்கை லேசாக ஆடினாலே கடிப்பது ஜிலேபியா, கெண்டையா என்று சொல்லிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் அதே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வார விடுமுறையில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு வருகிறார்கள். நாள் முழுக்கக் கடி விழுகிறது. பையைத் திறந்தால் விரல் நீளக் கீச்சான், உள்ளங்கை அகல உடகம், குஞ்சுக் கெளிறு. தேறுகிற மீன் ஒன்றுகூட இருக்காது. இன்றைக்கு நேரம் சரியில்லை என்று பேசியபடி வண்டியைக் கிளப்புகிறார்கள். நேரம் சரியில்லை என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் நினைக்கிற பொருளில் அல்ல. ஏரியில் வெற்றி தந்த ஆட்டத்தையே ஓடுகிற உப்புநீரிலும் ஆடுகிறார்கள். தோல்வி அங்கேதான் தொடங்குகிறது.

தேறுகிற மீன் என்றால் எது? இந்தியாவில் இதற்குச் சட்டப்படி அளவு வைத்ததில் முன்னோடி கேரளம். 2015-ல் 14 இனங்களில் தொடங்கி, பிறகு 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளம் அறிவித்தது. மத்திக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. என்று இனத்துக்கு ஒரு கணக்கு. ஒரு முறையாவது முட்டையிடும் வாய்ப்பு மீனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டுக் கடல் மீன்களுக்கும் இனவாரியாக இப்படி அளவுகளைப் பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைத் தூண்டில்காரர்கள் தங்கள் ஆட்ட விதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கடிக்கு எத்தனை மீன் அந்த அளவைத் தாண்டியது என்று பார்ப்பதுதான் ஒரு தூண்டில்காரரின் திறமைக்குச் சரியான அளவுகோல்.

கழிமுக ஆட்டத்தின் நாயகன் கொடுவா. இதன் வாழ்க்கை விசித்திரமானது. ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள்: 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய மீனெல்லாம் முட்டைக்காரிகள். நம் ஊரில் 30 செ.மீ. கொடுவாவைப் பிடித்துப் படம் எடுத்துப் பெருமைப்படுகிறோம். அது இன்னும் ஆணாகக்கூட முதிராத குஞ்சு. முட்டுக்காட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைக் காப்பிடத்தில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தது. குஞ்சு உண்டாக்க அங்கே அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதே நீர்க்கரையில் குஞ்சுகளைப் பை பையாக அள்ளிப்போவது நியாயமில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஏரியில் நீர் நிற்கிறது, மீன் அலைகிறது. மாவைத் தூவி மீனை நம்மிடம் வரவழைக்கலாம். கழிமுகத்தில் அலைவது நீர். குஞ்சுகள் முழங்கால் ஆழத் திட்டுகளிலும் பாசி ஓரங்களிலும் பகல் முழுக்கத் திரியும். வளர்ந்த மீனோ பள்ளத்தின் விளிம்பில், பாலத் தூணின் நிழலில், கற்குவியலின் பின்னால் ஒதுங்கி நின்று, நீர் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். நீர் ஓடாவிட்டால் அது வாயைத் திறக்காது. ஆக, பெரிய மீனுக்குத் தூண்டில் போடுவது என்பது நீரோட்டத்துக்குத் தூண்டில் போடுவதுதான்.

இங்கே சென்னைக் கரையின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். குஜராத்தின் பாவ்நகரில் ஓதம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நம் கரையில் பெரிய ஓத நாளில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் முட்டுக்காட்டுக்குள் நீர் வேகமாக ஓடும் நேரம் குறைவு, இடமும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியும் அதை அடுத்த ஓரிரு நாளும் ஓட்டம் நன்றாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிச் சோம்பிவிடும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளே இதைச் சொல்லிவிடும். நேரம் தெரிய, கடல் தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனத்தின் ஓத அட்டவணை இருக்கிறது. ஆனால் அது திறந்த கரைக்கான நேரம். முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டி உள்ளே போகப் போக ஓதம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

என் கணிப்பில் தேறுகிற மீனுக்கு இரண்டு வேளைகள் உண்டு. வற்றத்தின் கடைசி மணி நேரம் ஒன்று. திட்டின் மேல் மேய்ந்த மடவைக் குஞ்சுகளும் இறாலும் நீர் வடியும் ஓடைகள் வழியாகப் பள்ளத்துக்கு இறங்கியாக வேண்டும். ஓடை பள்ளத்தில் சேரும் வாயில் கொடுவா நிற்கும். அடுத்தது, தெளிந்த கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கும் நேரம். இவை விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து விழுந்தால் அந்த நாளை விடக் கூடாது. உச்சி வெயிலில், நின்ற நீரில் உட்கார்ந்திருப்பது கீச்சானுக்கு விருந்து வைப்பது மட்டுமே.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முகத்துவாரம் திறந்திருக்கிறதா? கோடையில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை இந்தக் கரை மீனவர்கள் தெண்டி வெள்ளம் என்பார்கள். அது தள்ளிவரும் மணல் முகத்துவாரத்தை மூடிவிடும். முகம் அடைந்துவிட்டால் உள்ளே ஓதம் கிடையாது, அட்டவணையும் பயன்படாது. அப்போது காற்று எந்தக் கரைக்கு நீரைத் தள்ளுகிறதோ அந்தக் கரைதான் கதி. கோவளத்து மீனவர் ஒருவரிடம் மரியாதையாகக் கேட்டால் முகத்தின் நிலையை ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

அடுத்தது முள். ஜிலேபிக்குப் பழகிய 8-ம் எண் முள்ளும் மண்புழுவும் குஞ்சுகளின் வாய்க்கு அளவெடுத்தவை. 3/0, 4/0 அளவுக்குப் போங்கள். (சாதாரண எண் கூடினால் முள் சிறுக்கும், பூஜ்யத்தோடு வரும் எண் கூடினால் பெருக்கும். புதிதாக வருகிறவர்கள் கடையில் குழம்புவது இங்கேதான்.) முடிந்தால் சர்க்கிள் ஹூக் வாங்குங்கள். கடித்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது, ரீலைச் சுற்றி இறுக்கினால் போதும். முள் தொண்டைக்குப் போகாமல் வாயோரத்தில் மாட்டும். விட வேண்டிய மீன் பிழைத்துப் போகும். நுனியில் தடித்த லீடர் கட்டாயம், ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு மெல்லிய தங்கூஸை அறுத்துவிடும்.

இரை உயிரோடு இருக்கட்டும். இறாலைக் கோக்கும் விதத்தில்தான் கைத்தேர்ச்சி தெரியும். தலைக் கொம்புக்கு அடியில், ஓட்டுக்குள் கருமையாக ஒரு புள்ளி தெரியும். அதைத் தொடாமல், அதற்கு முன்னால் ஓட்டில் மட்டும் முள்ளை ஏற்ற வேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் அங்கேயே செத்துவிடும். சரியாகக் கோத்த இறால் நீருக்குள் கால் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் கீச்சான் கூட்டம் இருக்கும் இடத்தில் இறால் நிலைக்காது. ராடு நுனி டொக் டொக்கென்று நடுங்கினால் அது கீச்சான் கொத்துவது. உடனே விரல் நீள மடவைக்கு மாறிவிடுங்கள், முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் கோத்து. கடி சட்டென்று குறையும். பலர் இங்கேதான் மனம் தளர்ந்து மண்புழுவுக்குத் திரும்புகிறார்கள். கடி குறைவதுதான் சரியான அறிகுறி. கொடுவா கொத்தாது. ராடு ஒரே இழுப்பில் வளைந்து, வளைந்தபடியே நிற்கும். செயற்கை லூர் வீசுகிறவர்களுக்கு இந்த வடிகட்டல் அவ்வளவாகக் கிடைக்காது. கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் கால்வாசி இருக்கும் லூரையும் பாய்ந்து கவ்வும். அவர்கள் இடத்தையும் வேளையையும்தான் நம்ப வேண்டும்.

அளப்பதற்கு ராடின் அடிப்பகுதியிலேயே செ.மீ. கோடு போட்டுவிடலாம். வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. அளவு தேறாவிட்டால் நனைத்த கையால் பிடித்து உடனே விட வேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் தங்கூஸை வெட்டிவிடுங்கள். கெளிற்றின் துடுப்பு முள் விஷம் உள்ளது, இடுக்கி இல்லாமல் தொடாதீர்கள்.

அடையாற்று முகத்துவாரம் பற்றிக் கேட்கிறார்கள். செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, உடைந்த பாலத்தைத் தாண்டிக் கடலில் விழுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விநாடிக்கு 29,000 கன அடி இறங்கிய பாதை அது. மீன் அங்கேயும் உண்டு. ஆனால் நகரத்தின் கழிவுநீர் கலந்து ஓடும் ஆற்றில் பிடித்ததைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. பழவேற்காடு நல்ல நீர். ஆனால் அங்கே மீனவ ஊர்கள் முறைவைத்து வலை கட்டும் பாடு வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அவர்கள் வலை கட்டிய ஓடையில் நம் தூண்டில் விழக் கூடாது. பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், பிழைப்புக்கு நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியே நிற்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் முகம் வெட்டிக்கொள்ளும். முதல் சில வாரம் செந்நீரும் நன்னீருமாக இருக்கும், உப்பை விரும்பும் மீன்கள் முகத்துவாரத்தை ஒட்டி ஒதுங்கிவிடும். உள்ளே தேடிப் பயனில்லை. மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, உப்பு திரும்பும் ஜனவரி, பிப்ரவரிதான் ஆலைத் தோழர்களுக்கு நான் சொல்லும் மாதங்கள். முகம் திறந்திருக்கும், ஓதம் உள்ளே வரும், வெயிலும் தணிவு. அமாவாசையை ஒட்டிய ஒரு விடுமுறையை முன்கூட்டியே எழுதி வாங்கிவையுங்கள். இரவு ஷிப்ட் முடித்த கையோடு மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, அந்திக்கு விழும் ஓதத்துக்கு வந்தால் போதும்.